வள்ளி எப்போது ஆட வந்தாள்?

மேட்டுப்பாளையம் என்றதும் உங்களுக்கு மலை ரயில் ஞாபகத்துக்கு வரும். உருளைக்கிழங்கு மண்டி ஞாபகத்துக்கு வரும். 'ஊட்டிக்குப் போற வழியில டீ குடிக்க இறங்கின ஊரு' என்பார்கள் சிலர். பக்கத்தில் இருக்கும் தேக்கம்பட்டியைச் சொன்னாலோ, 'கோயில் யானைகளுக்கெல்லாம் புத்துணர்வு முகாம் நடத்தினாங்களே, அந்த ஊர்தானே?' என்று கேட்பீர்கள். அதே ஊர்தான். ஆனால், இந்த வாரம் நாம் தேக்கம்பட்டிக்குப் போவது யானை பார்க்க அல்ல; ஆட்டம் பார்க்க.

2024 ஜனவரி 25-ம் தேதி மத்திய அரசு பத்ம விருதுப் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 132 பேர். உச்சியில் இருக்கும் பத்ம விபூஷண் ஐந்தே ஐந்து பேருக்கு. அந்த ஐவரில் இரண்டு பேர் நம் பரதநாட்டியக் கலைஞர்கள். ஒருவர் வைஜயந்திமாலா, இன்னொருவர் பத்மா சுப்ரமணியம். அப்படியே கீழே இறங்கி பத்மஸ்ரீ பகுதிக்கு வந்தால், எம்.பத்ரப்பன் என்று ஒரு பெயர். அப்போது அவருக்கு வயது 87. தேக்கம்பட்டிக்காரர். கலை, வள்ளி ஒயில் கும்மி.

அவரைப் பற்றிய அரசுக் குறிப்பு ரொம்பச் சின்னது. ஆண்கள் கையில் இருந்த ஒரு கலையில் வழக்கத்தை மீறிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். முருகன் - வள்ளி கதையோடு சமூகப் பிரச்னைகளையும் இந்திய வரலாற்றையும் கும்மிக்குள் கொண்டுவந்தார். அவ்வளவுதான் அதன் சாரம்.

'நல்ல விஷயம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் 'நவீன நடனம்' என்று பெயர் சூட்டி, நூறு வருடங்களுக்கும் மேலாகப் புத்தகம் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கும் சங்கதி, இந்த இரண்டு வரிக்குள் அடக்கம். எப்படி என்கிறீர்களா? கொஞ்சம் உலகத்தைச் சுற்றிவிட்டு, திரும்பத் தேக்கம்பட்டிக்கே வருவோம்.

முதலில் நவீன நடனம் என்றால் என்ன? நம்மில் பலருக்கு அதைப் பற்றி ஒரு பயம் உண்டு. மேடை இருட்டாக இருக்கும், யாரோ தரையில் உருளுவார்கள், கதை புரியாது, பக்கத்து ஸீட்காரர் கை தட்டினால் நாமும் தட்டிவிட்டு வரவேண்டியது! இந்தப் பயத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். நவீன நடனம் ஆரம்பித்தது ரொம்ப எளிமையான ஒரு காரியத்தில். ஒரு பெண் செருப்பைக் கழற்றினாள்!

அவர் பெயர் இஸடோரா டங்கன். 1877-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். அந்தக் காலத்து ஐரோப்பாவில் உயர்ந்த நடனம் என்றால் பாலே. விரல் நுனியில் நிற்பதற்கென்றே செய்த விறைப்பான ஷூ, இடுப்பை இறுக்கும் உடை, ராஜகுமாரி கதைகள். இஸடோரா அந்த ஷூவை வேண்டாம் என்றார், இறுக்கும் உடையையும் வேண்டாம் என்றார். பழைய கிரேக்கச் சிற்பங்களில் இருப்பதுபோன்ற தளர்வான ஓர் உடை, வெறும் கால். அப்படியே மேடைக்கு வந்துவிட்டார். பார்த்தவர்களில் பாதிப் பேர் சொக்கிப்போனார்கள், மீதிப் பேர் முகம் சுளித்தார்கள். நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் ஊரில் காலங்காலமாக வெறுங்காலோடுதானே ஆடிக்கொண்டிருக்கிறார்கள்! ஆனால், அங்கே அது புரட்சி.

அதே சமயத்தில் அமெரிக்காவில் ரூத் செயின்ட் டெனிஸ் என்று இன்னொரு பெண். ஒரு கடையில் மாட்டியிருந்த சிகரெட் விளம்பரப் படத்தில் எகிப்து தேவதை ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, 'என் நடனம் கிழக்குத் திசையில்தான் இருக்கிறது' என்று முடிவு கட்டினார். 1906-ல் 'ராதா' என்று ஒரு நடனம் போட்டார். அப்போது அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பின்னால் அவரும் கணவர் டெட் ஷானும் 1925, 26-ல் ஆசியா முழுக்கக் குழுவோடு சுற்றியபோதுதான் நம் நாட்டுக்கு வந்தார்கள்.

அவர்களுடைய பள்ளியில் படித்து வெளியே வந்தவர்தான் மார்த்தா கிரஹாம். நவீன நடனத்துக்கு இலக்கணம் எழுதியவர் என்றே சொல்லலாம். மூச்சை வெளியே விடும்போது வயிறு உள்ளே சுருங்குகிறது. மூச்சை இழுக்கும்போது உடம்பு விரிகிறது. இதையே அடிப்படையாக வைத்து ஒரு நடன முறையை உருவாக்கினார். 1930-ல் அவர் ஆடிய 'லாமென்டேஷன்' என்ற நடனத்தில், ஒரு நீளமான துணிக் குழாய்க்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தபடியே துக்கத்தைக் காட்டினார். கதை இல்லை, ராஜகுமாரி இல்லை. துக்கம் மட்டும். இழவு வீட்டில் மாரடித்து அழும் நம் பாட்டிமார்களைப் பார்த்தவர்களுக்கு அது புரியாமல் போகாது.

அவரிடம் ஆடிய மெர்ஸ் கன்னிங்ஹாம் அடுத்த கட்டத்துக்குப் போனார். இசைக்காகத்தான் ஆடவேண்டுமா? இசை அதன் பாட்டுக்குப் போகட்டும், நடனம் அதன் பாட்டுக்குப் போகட்டும் என்றார். ஜெர்மனியில் பினா பாஷ் என்ற பெண்மணி மேடையில் மண்ணைக் கொட்டி, நாற்காலிகளைப் போட்டு, ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் படுத்தும் பாட்டை நடனமாக்கினார். இந்தப் பிந்தைய தலைமுறையின் வேலைகளை 'சமகால நடனம்' என்கிறார்கள்.

பெயரெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை. இவர்கள் அத்தனை பேரும் கேட்டது இரண்டே கேள்விகள். ஒன்று, யார் ஆடலாம்? இரண்டு, ஆட்டம் எதைச் சொல்லலாம்? இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வாருங்கள்.

ருஷ்ய பாலே நடனத்தின் மகாராணி அன்னா பாவ்லோவா. அவர் 1923-ல் லண்டனில் ராதா - கிருஷ்ணர் நடனம் ஒன்றை மேடையேற்றினார். கிருஷ்ணராக ஆடியது, ஓவியம் படிக்க லண்டன் போயிருந்த உதய்சங்கர் என்ற இளைஞர். சிதார் மேதை ரவிசங்கரின் அண்ணன். இவர் முறைப்படி எந்த குருவிடமும் சாஸ்திரிய நடனம் படித்தவரல்ல. கோயில் சிற்பத்திலிருந்தும் ஓவியத்திலிருந்தும் கிராமத்து ஆட்டத்திலிருந்தும் எடுத்துத் தனக்கென்று ஒரு பாணியைச் செய்துகொண்டார். இந்திய நவீன நடனத்தின் தகப்பன் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

அதே பாவ்லோவாவை 1928-ல் சந்தித்த இன்னொருவர் ருக்மிணி தேவி. பாலே கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட அவரிடம், 'உங்கள் நாட்டுக் கலையைத் தேடிப் பாருங்கள்' என்று திசை காட்டியவர் பாவ்லோவாதான். தேடினார், கிடைத்தது சதிர். அப்போது அதற்கு நல்ல பெயர் இல்லை. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடிக்கொண்டிருந்த நேரம். 'முறையை ஒழியுங்கள், கலையை விட்டுவிடுங்கள்' என்று வாதாடிய வக்கீல் இ.கிருஷ்ண ஐயர், தானே பெண் வேஷம் கட்டிச் சதிர் ஆடிக் காட்டினார் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935-ல் அடையாறில் மேடையேறினார். 1936-ல் கலாக்ஷேத்ரா பிறந்தது. உடை மாறியது, விளக்கு அமைப்பு மாறியது, பிராமணப் பெண்கள் ஆட வந்தார்கள். சதிர், பரதநாட்டியம் ஆனது.

இன்றைக்கு நாம் 'பழைமை மாறாத கலை' என்று கும்பிடும் பரதநாட்டியத்தின் மேடை வடிவம், 1930-களில் உருவான ஒரு நவீனப் படைப்பு. அதில் தப்பில்லை. ஆனால், அதன் கணக்குப் புத்தகத்தில் ஒரு பற்றுப் பக்கமும் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த குடும்பத்துப் பெண்கள் மெள்ள மெள்ள மேடையை விட்டு இறங்கினார்கள். 1947-ல் சட்டம் வந்து, கோயிலில் ஆடுவதும் பொட்டுக்கட்டுவதும் நின்றன. கொடுமை ஒழிந்தது, சரி. ஆடத் தெரிந்தவளின் காலும் சேர்ந்து நின்றதே! அந்தக் குடும்பங்களிலிருந்து கடைசிவரை தலைநிமிர்ந்து ஆடியவர் டி.பாலசரஸ்வதி. 1962-ல் அமெரிக்காவில் டெட் ஷான் நடத்திய 'ஜேக்கப்ஸ் பில்லோ' நடன விழாவில் ஆடி அசத்தினார். ஆமாம், ரூத் செயின்ட் டெனிஸின் கணவர் அதே டெட் ஷான்தான். பார்க்காமலே 'ராதா' ஆடிய குடும்பத்தின் விழா மேடையிலேயே நிஜமான ஆட்டம் நடந்தது.

யார் ஆடலாம் என்ற கேள்விக்கு ஒரு கதவு திறந்தால், இன்னொரு கதவு எங்கேயோ சாத்திக்கொள்கிறது. அதனால், அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது.

உதய்சங்கர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். இமயமலை அல்மோராவில் அவர் ஒரு நடன மையம் நடத்தினார். அங்கே பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கப் போனவர் பாலசரஸ்வதியின் குருவான கந்தப்பா பிள்ளை. மையத்தை மூடவேண்டி வந்தபின், உதய்சங்கர் தன் கனவை எல்லாம் 'கல்பனா' என்ற படமாக எடுத்தார். எங்கே? சென்னை ஜெமினி ஸ்டூடியோவில்! 1948-ல் வந்த அந்தப் படம் வசூலில் படுத்துவிட்டது. அதே ஸ்டூடியோவிலிருந்து அதே வருடம் வந்த எஸ்.எஸ்.வாசனின் 'சந்திரலேகா' முரசு நடனத்தோடு ஓடோ ஓடென்று ஓடியது. 2012-ல் 'கல்பனா'வைப் புதுப்பித்து கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். நவீன நடனத்துக்குப் பொறுமை வேண்டும் போலிருக்கிறது!

சந்திரலேகா என்றதும் அடுத்த ஆளுக்கு வந்துவிட்டோம். நான் சொல்வது படத்தை அல்ல, நடனக் கலைஞரை. 1928-ல் மகாராஷ்டிராவில் பிறந்து, சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் கற்றவர். 1952-ல் அவர் மேடையேறிய நிகழ்ச்சி, ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்ட நடந்தது. அவர் ஆடிக்கொண்டிருந்ததோ, யமுனை ஆற்றில் தோழிகள் நீர் விளையாடும் பாடல். கை முத்திரையில் தண்ணீரை அள்ளி அள்ளி இறைக்கிறார்... சட்டென்று மனசுக்குள் ராயலசீமாவின் வெடித்த நிலம் வந்து நின்றது. தண்ணீர் இல்லாதவனுக்காக ஆடும் மேடையில், தண்ணீர் வழிய வழிய ஓர் ஆட்டம்! அன்றைக்குத் தைத்த முள் அவரை விடவில்லை. பல வருடங்கள் ஆட்டத்தை விட்டே விலகியிருந்தார்.

திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தார். 1985-ல் 'அங்கிகா'. பரதநாட்டியத்தோடு யோகாவும் கேரளத்துக் களரிப்பயிற்றும் சேர்ந்தன. நகை இல்லை, ஜிகினா இல்லை. காதலனுக்காக ஏங்கும் நாயகி இல்லை, சாமி கதையும் இல்லை. உடம்பு, அதன் முதுகெலும்பு, அதன் வலு. இவைதான் கதை. ஒரு காட்சியில் ஆணை வாகனமாக்கி அவன்மேல் பெண் ஏறிவந்தாள். சபாக்காரர்கள் சிலருக்குத் தலை சுற்றியது. 2001-ல் அவரது கடைசிப் படைப்பான 'சரீரா'. 2006 டிசம்பரில் அவர் மறைந்தபோது, 'இது பரதமே இல்லை' என்று ஒரு காலத்தில் சொன்னவர்கள்கூட, இந்திய நடனம் அவருக்கு முன், அவருக்குப் பின் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். அவர் குழுவில் ஆடிய பத்மினி செட்டூர் போன்றவர்கள் சென்னையில் தங்களுக்கென்று தனிப் பாதை போட்டார்கள்.

யார் ஆடலாம் என்ற கேள்வி அங்கேயும் நிற்கவில்லை. மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ், வீட்டை விட்டு வெளியேறி, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்று, 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

சரி, உலகம் சுற்றியது போதும். பவானி ஆற்றங்கரைக்கு வாருங்கள்.

கும்மி தமிழ்நாடு முழுக்கப் பெண்களின் ஆட்டம். கொங்கு நாட்டு வள்ளிக் கும்மிக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. அது ஆண்களின் ஆட்டமாக இருந்தது. கையில் கோல் கிடையாது, கைத்தட்டுதான் தாளம். வட்டமாக நின்று, பாடிக்கொடுக்கும் வாத்தியார் ஒரு அடி எடுத்துக்கொடுக்க, அதை வாங்கிப் பாடிக்கொண்டே குனிந்து, நிமிர்ந்து, திரும்பி, தட்டி ஆடவேண்டும். பகலெல்லாம் தோட்டத்தில் தண்ணி கட்டிவிட்டு, ராத்திரியில் வந்து பழகுவார்கள். பழகி முடித்ததும் கோயில் முன்னால் அரங்கேற்றம். ஆமாங்க, சபாவில் நடந்தாலும் சாமி முன்னால் நடந்தாலும் அதற்குப் பெயர் அரங்கேற்றம்தான்.

ஆடுகிற கதை எது? வள்ளி கதை. தினைப்புனத்தில் பரண் மேல் ஏறி நின்று, கவண் கல் வீசிக் கிளி விரட்டும் ஒரு பெண். அவளைத் தேடி முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வருகிறான். அவள் வாய்க்கு வாய் பதில் பேசுகிறாள், லேசில் மசியவில்லை. கடைசியில் யானையைக் காட்டிப் பயமுறுத்தித்தான் காரியம் நடக்கிறது. எவ்வளவு துடுக்கான பெண் பாருங்கள்!

இந்தத் துடுக்கான பெண்ணின் கதையைப் பாடி ஆடும் வட்டத்துக்குள், பெண்ணுக்கு இடமில்லை. வள்ளியைப் பற்றி ஆடலாம், வள்ளி ஆடக்கூடாது! வாசற்படியிலும் திண்ணையிலும் நின்று அவள் வேடிக்கை பார்க்கலாம். 'பொம்பளைப் புள்ளைக ராத்திரியில வந்து ஆடுறதாவது, ஊரு என்னங்க சொல்லும்?' என்ற ஒற்றை வாக்கியம் போதும், வாசலில் தாழ்ப்பாள் போட.

அந்தத் தாழ்ப்பாளை எடுத்தவர்களில் ஒருவர் பத்ரப்பன். அவர் மேடை விளக்கை மாற்றவில்லை, சித்தாந்தம் எழுதவில்லை, லண்டனுக்கும் போகவில்லை. 'அம்மிணி, நீயும் வா' என்பதுதான் அந்தக் காரியத்துக்குச் சுருக்கமான பெயர். அதோடு, வள்ளி கல்யாணம் பாடிய அதே மெட்டும் அதே அடவும் ஊருக்கு வேண்டிய மற்ற விஷயங்களையும் பேசலாம் என்று காட்டினார். யார் ஆடலாம், ஆட்டம் எதைச் சொல்லலாம்? இஸடோராவிலிருந்து சந்திரலேகா வரை கேட்ட அதே இரண்டு கேள்விகள். கேட்ட இடம்தான் வேறு.

மேட்டுப்பாளையத்து மலை ரயிலைப் பார்த்திருப்பீர்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பல் பல்லாக ஓர் இரும்புப் பட்டை வரும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் குன்னூர் மலை ஏறும். வள்ளிக் கும்மி மேலே ஏறியதும் அப்படித்தான். பழைய பாட்டு, பழைய தாளம், பழைய வட்டம். அதைக் கவ்விக்கொண்டுதான் புதியவர்கள் ஏறினார்கள். பழசை விட்டிருந்தால் வழுக்கியிருக்கும். அதே இடத்தில் நின்றிருந்தால் துருப்பிடித்திருக்கும்.

இன்றைக்குக் கொங்கு நாட்டில் சிறுமிகளும் கல்லூரிப் பெண்களும் பேரன் எடுத்த பாட்டிகளும் ஒரே நிறப் புடவையில் ஒன்றாக நின்று வள்ளிக் கும்மி ஆடுகிறார்கள். பார்க்கக் கண் நிறையும். ஆனால், கதை இங்கே சுபமாக முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024-ல் ஒரு வீடியோ பரவி, பெரிய விவாதம் ஆனது. கும்மி மேடையில், சொந்த ஜாதியில்தான் கல்யாணம் செய்துகொள்ளவேண்டும் என்று பெண்களிடம் உறுதி கேட்கும் வீடியோ.

யோசித்துப் பாருங்கள். எந்தக் கதையை ஆட அந்தப் பெண்கள் வந்தார்கள்? வேடர் குலத்தில் வளர்ந்த பெண், தேவர் படைத் தலைவனைக் காதலித்து மணந்த கதை. குலம் கேட்டா முருகன் தினைப்புனத்துக்கு வந்தான்? வள்ளி கல்யாணம் ஆடும் இடத்தில் ஜாதிக் கல்யாணம் பேசினால், ஆட்டத்துக்கும் பேச்சுக்கும் ஒட்டுமா? வறட்சி நிதி மேடையில் நீர் விளையாட்டு ஆடிய சந்திரலேகாவுக்குத் தைத்த அதே முள், இங்கேயும் தைக்கவேண்டாமா?

பெண்ணை வட்டத்துக்குள் விட்டது பெரிய காரியம். உள்ளே வந்த பெண் என்ன பேசலாம், யாரை விரும்பலாம் என்பதை வட்டத்துக்கு வெளியே நிற்கும் வேறு யாரோ எழுதிக்கொடுத்தால், பாதிக் கதவுதான் திறந்திருக்கிறது என்று அர்த்தம். சதிரின் கதையில் கலை மேலே போனது, ஆடியவள் கீழே இறங்கினாள். கும்மியின் கதையில் ஆடுபவள் மேலே ஏறிவிட்டாள். அவளை யாரும் கொடியாக்கிக் கம்பத்தில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு. உங்கள் பொறுப்பும்தான்.

அடுத்த முறை கோவைப் பக்கம் ஏதாவது கோயில் விழாவுக்குப் போனால், வள்ளிக் கும்மி நடக்கும் இடத்தில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். செல்போனில் படம் எடுப்பது அப்புறம் இருக்கட்டும். முதலில் வட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு, அதைவிட முக்கியமாக, வட்டத்துக்கு வெளியே ஆசையோடு கால் தட்டிக்கொண்டு நிற்பது யார் என்று பாருங்கள். இந்தக் கலையின் அடுத்த அத்தியாயம் அந்தக் காலில்தான் இருக்கிறது.